ஆமைக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தேன். பெயிண்டர் என்றதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கேபினுக்கு மேலே முதலாளியின் குலதெய்வம், கதவில் ஊர்ப் பெயர், பின்பலகையில் ஒரு தாமரை, அதற்குக் கீழே ஹாரன் அடிக்கச் சொல்லி ஒரு வரி, எல்லாம் என் கைவேலை. எழுத்துக்கு நிழல் கொடுப்பதில் அந்த வரிசைப் பட்டறைகளிலேயே எனக்கு நிகர் கிடையாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு பெண் மொபெட்டில் வந்து பட்டறை வாசலில் இறங்கினார். லாரிப் பட்டறைக்குப் பெண்கள் வருவது அந்தக் காலத்தில் அபூர்வம். சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சென்னையில் படித்தவர். ஏரிகளில் வாழும் ஆமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருப்பதாகவும், ஜேடர்பாளையம் போகிற பக்கத்தில் ஒரு ஏரியைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் சொன்னார். ஏரிக்கரையில் நட ஒரு பலகை வேண்டும். ‘இந்த ஏரியில் ஆமை பிடிப்பது குற்றம்.’ அவ்வளவுதான் வாசகம். சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல் என்று எழுதிக் கொடுத்தேன். காயட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணா, தண்ணியிலயே கிடந்தாலும் உரியாத பெயிண்ட் எது?”

“எதுக்கு மேல அடிக்கறதுங்க?”

“ஆமை ஓட்டு மேல.”

பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தொழில் சம்பந்தமான கேள்வி என்று வந்துவிட்டால் எனக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொரு ஆமையின் முதுகிலும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஓர் எண் எழுத வேண்டுமாம். அவரே எழுதிப் பார்த்தாராம், நிற்கவில்லையாம். அவர் எழுதிய எண் எப்படி இருந்தது என்று ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஏழா ஒன்றா என்று தெரியாத ஓர் எழுத்து. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “உடுங்க, ஞாயித்துக்கெழம நானே வாரேன்” என்று சொல்லிவிட்டேன். எரிச்சலில் கொடுத்த வாக்கு அது. இரண்டு மழைக்காலம் என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்த ஏரி எடுத்துக்கொண்டது.

சம்பளம் கிடையாது. அதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சோற்றுக் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, ஆறு நாளும் லாரிக்கு அடிக்கறீங்க, ஏழாம் நாளு ஆமைக்கு அடிக்கப் போறீங்களா?”

“ஆமாம்.”

“நல்லா அடிங்க. ஆனா ஒண்ணு, அதுல ஒண்ணுகூட நம்ம ஊட்டுப் படியேறக் கூடாது.”

ஏரிக்குப் போவது எனக்குச் சிரமமே இல்லை. அந்தப் பக்கம் கரும்பு ஏற்றப் போகிற லாரிகளில் பாதி என் கையால் எழுதப்பட்டவை. கை காட்டினால் நிறுத்துவார்கள். ஒரு கையில் பெயிண்ட் டப்பாக்கள், இன்னொரு கையில் கோழிக் கடையில் வாங்கிய குடல். ஆமையைப் பிடிக்கக் கம்பிக் கூடுகள் இருந்தன. உள்ளே குடலைக் கட்டிவிட்டு, ஆமை மூச்சு விட மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி கூட்டை வைக்க வேண்டும். அந்தக் குடல் பையோடு என்னைக் கேபினில் ஏற்றிக்கொண்ட டிரைவர்களை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

காவிரி வாய்க்காலின் கசிவு வந்து சேரும் ஏரி அது. முழுக்கோடையிலும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கரையோரம் கருவேல மரங்கள், ஒரு மூலையில் ஆகாயத்தாமரை, அதன் மேல் சேறு படாமல் நடந்து போகும் நீர்க்கோழிகள். காலையில் வெயில் ஏற ஏற, நீரில் சாய்ந்து கிடக்கும் கட்டைகளின் மேல் ஆமைகள் ஒவ்வொன்றாக ஏறி உட்காரும். கறுப்பு ஓடு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். ஆள் அரவம் கேட்டால் சளப்பென்று எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அதனால்தான் தூரத்திலிருந்து தெரியும்படி எண் வேண்டியிருந்தது.

நான் கொண்டுபோனது பட்டறையில் மீந்த எனாமல். மீந்தது என்றால் அது மஞ்சளும் சிவப்பும்தான், அந்தக் காலத்து லாரிகளுக்கு நாங்கள் அதிகம் அடித்தது அவை இரண்டும். ஓட்டைத் துடைத்து, பாசியைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, நடு முதுகில் உள்ளங்கையளவு மஞ்சள் வட்டம். அது காய்ந்ததும் அதன் மேல் சிவப்பில் எண். அவர் எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். கலங்கிய தண்ணீரிலும் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. முதல் ஆமையைத் தண்ணீரில் விட்டபோது, புது லாரி பட்டறையைவிட்டு வெளியே போவதைப் பார்ப்பதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

பெயிண்ட் காய்கிற நேரம்தான் எங்கள் அரட்டை நேரம். ஆமைகளைக் கூடைக்குள் கருவேல நிழலில் வைத்துவிட்டு, ஃபிளாஸ்கில் இருந்த டீயைப் பகிர்ந்துகொள்வோம். நீரில் முக்குளிப்பான் பறவை ஒன்று மூழ்கியதும், எங்கே எழும் என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு இடம் காட்டிப் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் இருவருமே தோற்போம். வாழ்க்கையில் நான் கவலையில்லாமல் உட்கார்ந்திருந்த இடம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கரையைத்தான் சொல்வேன்.

அப்படி ஒரு காலையில்தான் அவர் எதற்காக இதெல்லாம் என்று எனக்கு விளக்கினார். ஏரியில் எத்தனை ஆமை இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடித்து எண்ண முடியாது. ஓர் அண்டா அரிசியில் ஒரு பிடி மஞ்சள் அரிசியைக் கலந்துவிட்டு, பிறகு கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதைப் போன்றது இது. அள்ளியதில் மஞ்சள் ஒன்றிரண்டுதான் வந்தால் அண்டாவில் நிறைய அரிசி இருக்கிறது. மஞ்சளாகவே வந்தால் அண்டாவே கொஞ்சம்தான். அந்த மஞ்சள் அரிசிதான் நான் எழுதிவிடும் ஆமைகள்.

“இந்தக் கணக்கு சரியா வந்தாத்தான் எனக்கு டாக்டர் பட்டம்ண்ணா. அது மட்டும் இல்ல, இந்த ஏரியில ஆமை எப்படிக் குறையுதுன்னு காட்டினா கவர்மெண்ட்ல எடுத்துச் சொல்லலாம். வீட்ல ரெண்டு வருஷம்தான் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள முடிக்கணும்.”

ஆமை குறைவது எதனால் என்பது ஊரறிந்த விஷயம். ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவருடைய ஆட்கள் வலை போடும்போது ஆமையும் வரும். மீனைத் தின்கிறது, வலையைக் கிழிக்கிறது என்று அவர்களுக்கு அதன் மேல் கோபம். மூலத்துக்கு மருந்து என்று வாங்கிப் போகவும் சந்தையில் ஆள் உண்டு. அதனால் வலையில் வந்தவை சாக்குக்குள் போய்விடும். நான் எழுதிய பலகை கரையில் கம்பீரமாக நின்றது. அதன் மேல் அவர்கள் சட்டைகளைக் காயப்போட்டார்கள். என் எழுத்தின் மேல் ஈரச் சட்டை தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

முதல் மழைக்காலம் நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது வருடம் கணக்கு கோணலாகப் போக ஆரம்பித்தது. கூட்டில் விழுகிற ஆமைகளில் பாதிக்கு மேல் என் மஞ்சள் வட்டத்தோடு வந்தன. கோடை நெருங்க நெருங்க, புது ஆமையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கட்டைகளில் வெயில் காய்பவையும் மஞ்சள்தான். அவருடைய கணக்குப்படி அந்த ஏரியில் நாங்கள் எழுதியவற்றைத் தவிர ஆமையே கிடையாது. அப்படியானால் முதல் வருடக் கணக்கு பொய். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

ஒரு ஞாயிறு அவர் என்னிடம் கேட்டார். “அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நான் இல்லாதப்ப கூடெல்லாம் ஒரே இடத்துலயா வைக்கறீங்க? விட்ட இடத்துலயே வெச்சா விட்டதே திரும்பி வரும்.”

நான் தப்பாகத்தான் நினைத்தேன். “நீங்க காட்டுன எடத்துலதாங்க வெக்கறேன். சம்பளமில்லாம வாரவனுக்குப் பொய் சொல்லி என்னங்க ஆகப் போவுது?” என்று சொல்லிவிட்டு, காயாத பிரஷ்ஷை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எந்தப் பெயிண்டரும் பிரஷ்ஷை அப்படி விட்டுவிட்டு வரமாட்டான். அவ்வளவு கோபம்.

அடுத்த ஞாயிறு வீட்டில் கிடந்தேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“சண்டை அந்த அம்மிணியோடவா, ஆமையோடவா?”

“யாரோடவும் இல்ல.”

“அப்பறம் ஏன் மூஞ்சிய ஓட்டுக்குள்ள இழுத்துட்டு உக்காந்திருக்கறீங்க? அதுங்களோட பழகி அதுங்களாட்டவே ஆயிட்டீங்களே.”

அதற்கு மேல் எப்படிக் கோபமாக இருப்பது? மறுவாரம் விடிகிற நேரத்துக்கே ஒரு செங்கல் லாரியில் ஏறிப் போய் இறங்கினேன். அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். என் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவி, துணியில் சுற்றி வைத்திருந்தார். இருவரும் பழைய பேச்சை எடுக்கவில்லை.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனதால்தான் அதைப் பார்த்தோம். கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்காரரின் ஆட்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர், என் வயதுதான் இருக்கும், முண்டாசு கட்டியவர், வலையில் வந்ததைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். மீன் கூடைக்குள் போயிற்று. ஓர் ஆமை வந்தது. வெறும் கறுப்பு ஓடு. சாக்குக்குள் போட்டார். இன்னொன்று வந்தது. முதுகில் என் மஞ்சள் வட்டம். அவர் தலையிலிருந்த முண்டாசை அவிழ்த்து, அதன் சேற்றைத் துடைத்தார். இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி மெதுவாக விட்டுவிட்டு வந்தார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, “அதான்ண்ணா கணக்கு” என்றார். மஞ்சள் அடித்தவை எல்லாம் பிழைத்துக்கொண்டிருந்தன. அடிக்காதவை எல்லாம் சாக்கில் போய்க்கொண்டிருந்தன. அண்டாவிலிருந்து வெள்ளை அரிசியை மட்டும் யாரோ தினமும் பொறுக்கி எடுத்தால் கணக்கு எப்படி வரும்?

நேராக அந்த வலைக்காரரிடம் போனோம். அந்தப் பெண்தான் முதலில் கேட்டார். “அதை ஏன் விட்டுட்டீங்க?”

“எதைங்க அம்மிணி?”

“மஞ்சள் அடிச்ச ஆமையை.”

“நேந்து உட்டதுங்களே அது. அதுல கை வெக்கலாமுங்களா?”

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் எங்கள் பக்கத்தில் யார் காட்டில் மேய்ந்தாலும் யாரும் அதை விரட்ட மாட்டார்கள், கட்டிவைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாததா? ஆனால் என் எழுத்துக்கு இப்படி ஓர் அர்த்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்குப் படபடவென்று வந்துவிட்டது.

“ஏனுங்க, நேந்து உட்டதுமில்ல ஒண்ணுமில்ல. அது பட்டறைப் பெயிண்டுங்க. நாந்தான் அடிச்சேன். செவப்பா இருக்கறது குங்குமம் இல்லீங்க, நம்பருங்க!”

அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நீங்க அடிக்கறது எங்களுக்குத் தெரியாதுங்களா பெயிண்டரே? வாராவாரம் கரையில உக்காந்து அடிக்கறதைப் பாத்துக்கிட்டுத்தான இருக்கறோம். கெடாய்க்கு மட்டும் சாமியா எறங்கி வந்து மஞ்சத்தண்ணி ஊத்துது? மனுசன்தான் ஊத்தறான். இது இருந்துட்டுப் போவட்டும்னு ஒருத்தரு மஞ்ச வெச்சு உட்டுட்டாங்க. அதைப் போயி இன்னொருத்தரு புடிக்கலாமுங்களா?”

“அப்ப மஞ்சள் இல்லாதது?” என்று கேட்டார் அந்தப் பெண். குரல் இறங்கிவிட்டது.

“அதைத்தான் யாரும் வேணும்னு சொல்லலீங்களே அம்மிணி.”

அன்றைக்கு நாங்கள் எந்தக் கூட்டையும் தூக்கிப் பார்க்கவில்லை. அவர் சென்னைக்குப் போய்த் தன் பேராசிரியரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தார். நேராகப் பட்டறைக்கே வந்து, பாடம் ஒப்பிப்பதைப்போலச் சொன்னார். மஞ்சளை மறைத்துவிட வேண்டும். யாருக்கும் பயமோ பக்தியோ வராத நிறத்தில், பிடித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, புதிதாக எண் எழுத வேண்டும். வீட்டில் கெஞ்சி ஒரு மழைக்காலம் நீட்டிப்பு வாங்கியாயிற்று. அதற்குள் சரியான கணக்கு வந்துவிட்டால் படிப்பு பிழைத்துவிடும்.

“லாரி அடியில சேஸிஸுக்கு அடிக்கற சாம்பல் கலர் இருக்குதுங்க. ஆனா மஞ்சளை மறைச்சுட்டா அதுங்களும் சாக்குக்குத்தான் போகும்.”

“தெரியும்ண்ணா. ஆனா உண்மையான கணக்கு இருந்தாத்தான் நாளைக்கு எல்லா ஏரிக்கும் சட்டம் பேச முடியும். இந்த ஏரி ஒண்ணு மட்டும் இல்லையே.”

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இரவு வாசலில் உட்கார்ந்து சாம்பல் நிறத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “மஞ்ச வெச்ச எடத்துல சாம்பலா? என்னமோ போங்க” என்று உள்ளே போய்விட்டாள். கேலி செய்யவில்லை.

அந்த ஞாயிறு கூட்டில் இரண்டு ஆமைகள் இருந்தன. இரண்டும் மஞ்சள். இரண்டும் எனக்குப் பழக்கமானவை. ஒன்றின் முதுகில் இருந்த மூன்றுக்கு நான் கொடுத்திருந்த வளைவு அப்படியே அழியாமல் இருந்தது. டப்பாவைத் திறந்து சாம்பல் பெயிண்டைக் குச்சியால் கலக்கினேன். கலக்கியதையே திரும்பக் கலக்கினேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போது வலைக்காரர் கரைமேல் வந்தார். அவரும் இன்னோர் ஆளும் ஒரு கம்பில் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டுத் தூக்கி வந்தார்கள். மெதுவாக எங்கள் முன்னால் இறக்கி வைத்தார்கள். சாக்கு அசைந்தது.

“இதுக்கெல்லாம் இன்னும் மஞ்ச வெக்கலீங்க அம்மிணி. நேத்து வலையில வந்துச்சுங்க. வெச்சு உட்டுருங்க.”

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார். “ஏன் இங்க கொண்டுவந்தீங்க?”

“அன்னிக்கு நீங்க மஞ்ச இல்லாதது என்னாகும்னு கேட்டுட்டுப் போனீங்களே. அதுல இருந்து எங்களுக்குக் கை வரலீங்க. வேணுமா வேண்டாமான்னு உங்களக் கேக்காம எப்படிங்க அடிக்கறது?”

சாக்கைப் பிரித்தார்கள். உள்ளே ஆறேழு ஆமைகள், ஒன்றன்மேல் ஒன்று, வெறும் கறுப்பு ஓடுகள். சில தலையை உள்ளே இழுத்திருந்தன. ஒன்று மட்டும் கழுத்தை நீட்டி ஏரி இருக்கிற பக்கத்தைப் பார்த்தது.

அவற்றுக்கு மஞ்சள் அடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இனி வலையில் வருவதெல்லாம் எங்களிடம் வரும், எல்லாவற்றுக்கும் மஞ்சள் விழும், அந்த ஏரியில் அதற்குப் பிறகு யாரும் எந்தக் கணக்கும் எடுக்க முடியாது. அவருடைய இரண்டு வருட உழைப்பு தண்ணீரோடு போகும். அப்படியேதான் போயிற்று. பட்டம் அவருக்குப் பின்னால் கிடைத்தது, வேறு எங்கோ ஓர் ஏரியில், நத்தைகளைப் பற்றி எழுதி. ஆனால் அன்றைக்கு அப்படி ஒன்று கிடைக்கும் என்று யார் கண்டார்கள்? அவர் அந்தச் சாக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தை நீட்டிய ஆமையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மஞ்சள் டப்பா கொண்டுவந்திருக்கீங்களா?”

“இருக்குதுங்க” என்றேன்.

சாம்பல் டப்பாவை மூடித் தள்ளி வைத்தேன். ஓட்டைத் துடைத்து, தேய்த்து, காயவிட்டு, மஞ்சள் வட்டம் போட்டேன். வலைக்காரர்கள் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பீடிகூடப் பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் காய்ந்ததும் சின்ன பிரஷ்ஷைச் சிவப்பில் தோய்த்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

“நம்பர் எதுங்க?”

அவர் தலையை ஆட்டினார்.

“நம்பர் வேண்டாம்ண்ணா. பொட்டு வெச்சு விடுங்க.”

வைத்தேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் வைத்த ஒரு புள்ளிகூடக் கோணியதில்லை. அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தில் பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. நான் அதைத் திருத்தவில்லை.